ஜீப்பில் வின்ச் பொருத்துவோர் கவனத்திற்கு

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பாச்சலூர், பெரும்பாறைப் பகுதிகளில் மலைவாழையும் காப்பியும் மிளகும் பயிரிடும் விவசாயிகளுக்கு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பயிரைவிடப் பாதையே பெரிய தொல்லை. தோட்டத்திலிருந்து பெரிய சாலை வரையுள்ள மண்பாதை சேறாகிவிடுகிறது. வாழைத்தார் ஏற்றிய ஜீப் அச்சு வரை புதைந்துவிட்டால் அன்றைய சந்தை போயிற்று. ஆகவே ஜீப்பின் முன்பக்கம் கனத்த பம்பரும் வின்ச்சும் பொருத்தலாமா என்று பலர் கேட்கின்றனர்.

பழனி மலைக்கோயில் வின்ச்சைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். மோட்டார் ஓர் உருளையைச் சுழற்றுகிறது. உருளையில் கம்பிக் கயிறு சுற்றிக்கொண்டு பாரத்தை இழுக்கிறது. ஜீப்பில் இந்த மோட்டார் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. கயிற்றின் மறுமுனையை மரத்தில் மாட்டினால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு சேற்றிலிருந்து வெளியேறும்.

முதலில் சட்டம்

வண்டிகளின் முன்னால் அனுமதியின்றிப் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புகள் மீது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இதற்குக் காரணமும் உண்டு. வளையாத இரும்பு மோதினால் நடந்து போகிறவருக்குக் காயம் அதிகம். காற்றுப்பை உள்ள புதிய வண்டிகளில், மோதலின்போது அந்தப் பை உரிய நேரத்தில் விரியாமலும் போகலாம். எனவே பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். 'எல்லோரும் போடுகிறார்களே' என்று பட்டறைக்காரர் சொல்வது அனுமதி ஆகாது.

எதில் பொருத்துவது?

பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். வின்ச் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அது எதில் முடுக்கப்பட்டிருக்கிறதோ அதன் வலுதான் அதன் வலு. சேற்றில் இழுக்கும்போது இரண்டு, மூன்று டன் விசை அந்த நான்கு போல்ட்டுகளின் மேல் விழுகிறது. நான் பார்த்த ஒரு வண்டியில் பம்பர் மட்டும் பிய்ந்து மரத்தை நோக்கிப் போயிற்று; ஜீப் பள்ளத்திலேயே நின்றது. அந்த வின்ச்சைப் பம்பர் தகட்டில் மாட்டியிருந்தார்கள்.

வின்ச் உட்காரும் தகடு, சேசிஸின் இரு நீளச் சட்டங்களோடும் நேராகப் பிணைக்கப்பட வேண்டும். பம்பர் அதற்கு ஒரு மூடி மட்டுமே. போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் உள்ளதா எனப் பாருங்கள். எண் இல்லாத சாதாரண போல்ட் உதவாது. சேசிஸ் சட்டம் உள்ளே நசுங்காதபடி குழாய்த் துண்டு செருகி முடுக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழியை அடைக்கக் கூடாது. வின்ச்சும் இரும்புமாக 80 கிலோ முன்னால் ஏறினால் பட்டை ஸ்பிரிங் தாழும், ஸ்டியரிங் கனக்கும், விளக்கின் ஒளியும் கீழிறங்கும்.

எத்தனை டன்?

வண்டியும் சுமையும் சேர்ந்த எடையின் ஒன்றரை மடங்கு என்பது பொதுவான கணக்கு. ஜீப் 1,500 கிலோ, சுமை 700 கிலோ என்றால் 3,300 கிலோ வேண்டும். கடைகளில் பவுண்டுக் கணக்கில் விற்கிறார்கள். 8,000 பவுண்டு என்பது சுமார் 3,600 கிலோ. ஆனால் இந்தத் திறன் உருளையில் முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போதுதான் கிடைக்கும். நூற்கண்டு பருப்பது போல மேலே அடுக்கு ஏற ஏற இழுவை குறைந்து, நான்காம் அடுக்கில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகிவிடும். அருகிலுள்ள மரத்தைவிடச் சற்றுத் தள்ளியுள்ள மரமே நல்லது என்பது இதனால்தான். இன்னும் வலு வேண்டுமானால் மரத்தில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை அதில் திருப்பி ஜீப்பின் சேசிஸ் கொக்கியிலேயே கட்டுங்கள். வேகம் பாதியாகும், இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும். மரத்தின் மேல் விழும் இழுப்பும் இரட்டிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

முழுப் பாரத்தில் வின்ச் 400 ஆம்பியர் வரை மின்சாரம் குடிக்கும். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நிமிடம் இழுத்து, மோட்டார் சூடு ஆறியபின் மறுபடி இழுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு இழுத்தால் பேட்டரி இறங்கி வண்டியும் கிளம்பாது.

மிளகுக் கொடி ஏறிய கல்யாண முருங்கையில் கயிற்றை மாட்டாதீர்கள். அது மென்மரம். பலா போன்ற வைரம் பாய்ந்த மரத்தின் அடியில், அகலமான பட்டை நாடாவைச் சுற்றி மாட்டினால் மரத்தோலும் தப்பும். கயிற்றை மரத்தில் சுற்றி அதன் கொக்கியைக் கயிற்றிலேயே மாட்டினால் இழைகள் அறும்.

முறுக்கேறிய கம்பிக் கயிறு அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். காலை முறிக்கும், உயிரையும் எடுக்கும். நனைத்த சாக்கு ஒன்றைக் கயிற்றின் நடுவில் போட்டால் அதன் வேகம் தணியும். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்திற்கு ஆட்களை, குறிப்பாகச் சிறுவர்களை, விலக்கி நிறுத்துங்கள். யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது. தோல் கையுறை அவசியம். உருளையில் எப்போதும் ஐந்து சுற்றாவது மீதி இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் சிக்கிக்கொள்பவருக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து. நெம்புகோலைக் கையால் ஆட்டி இழுக்கும் கம்பிக் கயிற்று வின்ச் 1.6 டன், 3.2 டன் திறன்களில் கிடைக்கிறது. பம்பரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், வண்டியில் எந்த மாற்றமும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூவர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வேர்க்கட்டையும் பாறையும் இழுக்கவும் உதவும். எதைக்கொண்டு இழுத்தாலும், வாழைத்தாரை முதலில் இறக்கிவிட்டுச் சக்கரத்தின் முன்னுள்ள சேற்றை மண்வெட்டியால் வழித்துவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.