ஒரு ஜல்லிக் கல், ஒரு சொட்டு ரெசின்

ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் நெடுஞ்சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். ‘டக்’கென்று ஓர் அடி. முன்கண்ணாடியில் வெள்ளையாக ஒரு சிறு புள்ளி. ஓட்டுபவர் பதறுகிறார்; கண்ணாடி உடையவில்லை என்று தெரிந்ததும் ஆசுவாசப்படுகிறார்; ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வண்டி நகர்கிறது. அந்த ‘அப்புறம்’தான் பணத்தைத் தின்கிறது. அந்த வாரமே கவனித்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சரியாகியிருக்கக்கூடிய புள்ளி, ஒரு நாள் காலையில் கோடாக நீண்டு கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டு நிற்கும். அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “முழுசா மாத்தணும் சார்.”

காரின் பக்கவாட்டுக் கண்ணாடியும் முன்கண்ணாடியும் வேறு வேறு சாதி. பக்கத்தில் இருப்பது சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடி. உடைந்தால் கற்கண்டுத் துண்டுகளாக மொத்தமாக உதிரும். அதில் பழுது பார்க்க ஒன்றும் மிஞ்சாது. முன்கண்ணாடி அப்படியல்ல. ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகள், நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம். வழக்கமாக அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். கல் பட்டால் பெரும்பாலும் வெளிக் கண்ணாடி மட்டுமே அடிவாங்கும். காருக்குள் உட்கார்ந்து அதே இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தால் வழவழப்பாகவே இருக்கும். பழுதுபார்ப்பு சாத்தியமாவது இதனால்தான்.

இந்த அடுக்குக் கண்ணாடியைத் தந்தவர் எதுவார் பெனெடிக்டுஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஓவியரும்கூட. ஆய்வகத்தில் கைதவறி விழுந்த ஒரு குடுவை விரிசல் விட்டும் சிதறாமல் நின்றதாகவும், உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் வற்றிப் படலமாக ஒட்டியிருந்ததே காரணம் என்று அவர் கண்டுகொண்டதாகவும் சொல்வார்கள். 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்பகுதிக்கு இந்தக் கண்ணாடி பயன்பட்டது. கார்களுக்கு அது பரவலாக வந்தது பிறகுதான். அதற்கு முன் விபத்துகளில் முன்கண்ணாடியே கத்தியாகி முகத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. தொடக்ககாலப் படலம் வெயிலில் மஞ்சளாகிவிடும். 1930களின் இறுதியில் வந்த பாலிவினைல் பியூட்டிரால் அந்தக் குறையைத் தீர்த்தது.

சரி, நிறுத்தி வைத்திருக்கும் காரில் விரிசல் ஏன் தானாக நீள்கிறது? ஏ.ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இந்தக் கேள்வியின் அடித்தளத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொட்டுவிட்டார். ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சியில் இருந்த அவர், கண்ணாடியை வைத்தே சோதனை செய்து 1921இல் முடிவுகளை வெளியிட்டார். கண்ணாடியின் பலத்தைத் தீர்மானிப்பது அதில் இருக்கும் நுண்ணிய விரிசல்கள்தான் என்றார். ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டுச் ‘சர்’ரென்று கிழிப்பதைப் போல, விசை முழுவதும் விரிசலின் முனையில் போய்க் குவிகிறது. ஈரம் இதை இன்னும் மோசமாக்கும். நீர் மூலக்கூறுகள் முனைக்குள் புகுந்து சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கும். எனவே மழைக்காலத்து விரிசல் கார் ஓடாமல் நின்றாலும் வளரும்.

தமிழ்நாட்டு வெயில் இதற்கு இன்னொரு உந்துதல். சித்திரை, வைகாசி மதியத்தில் திறந்தவெளியில் நின்ற காரில் ஏறியதும் பலரும் செய்வது, ஏசியை முழுவேகத்தில் வைத்துக் காற்றைக் கண்ணாடி மீது திருப்புவது. வெளிப்பக்கம் கொதிக்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது. புள்ளி கோடாவதற்கு அந்தச் சில நிமிடங்கள் போதும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றிக் கழுவுவதும், கதவை ஓங்கி அறைந்து சாத்துவதும், வேகத்தடையில் தூக்கிப்போடுவதும் அப்படித்தான்.

ஆகவே கல் பட்ட அன்றே செய்ய வேண்டிய வேலை மிக எளிது: புள்ளியின் மேல் ஒரு துண்டு செல்லோடேப். தண்ணீரும் தூசும் உள்ளே போகாமல் அது காக்கும். ஈரமும் அழுக்கும் ஏறிய பள்ளத்தில் பின்னால் பழுதுபார்க்க எவ்வளவு நல்ல ரெசின் (இறுகும் பிசின்) ஊற்றினாலும் சரியாக ஒட்டாது, கறை தெரியும். வீட்டில் இருக்கும் ஃபெவிகுவிக்கை விட்டு அடைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது பள்ளத்தின் வாயை அடைத்துக் காற்றை உள்ளே சிறைவைத்துவிடும்; பிறகு முறையாகப் பழுதுபார்க்க வருபவருக்கும் வழி இருக்காது.

முறையான வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடி சூடாக இருந்தால் முதலில் நிழலில் ஆறவிடுகிறார்கள். ஊசிமுனைக் கருவியால் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடித் தூளைக் கிளறி எடுக்கிறார்கள். பிறகு உறிஞ்சுகப்பில் நிற்கும் ஒரு சிறிய தாங்கி. அதன் நடுவே திருகும் உருளை. உருளைக்குள் சில சொட்டு ரெசின். ஒரு திசையில் திருகினால் வெற்றிடம் உண்டாகி விரிசலுக்குள் இருக்கும் காற்று குமிழாக வெளியே வரும்; மறுதிசையில் திருகினால் அழுத்தம் ஏறி ரெசின் உள்ளே போகும். மாறி மாறி இதைச் செய்யும்போது நட்சத்திரமாகப் பரவியிருந்த கால்கள் ஒவ்வொன்றாக மறைவது கண்முன்னே தெரியும். விரிசல் நமக்குத் தெரிவதே அதற்குள் காற்று இருப்பதால்தான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றுக்கு 1. அந்த எல்லையில் ஒளி சிதறி வெள்ளையாகத் தோன்றுகிறது. ரெசினின் எண்ணும் 1.5க்குப் பக்கத்தில் இருப்பதால், அது நிரம்பியதும் ஒளி தடையின்றிப் போகிறது. மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து, புறஊதா விளக்கைச் சில நிமிடம் காட்டினால் ரெசின் கெட்டியாகும். பிளேடால் சுரண்டி, பாலீஷ் போட்டால் முடிந்தது. சூரிய ஒளியிலும் புறஊதாக் கதிர் இருப்பதால் இந்த வேலையை உச்சிவெயிலில் செய்யக் கூடாது. ரெசின் முழுதாகப் பாயும் முன்பே இறுகிவிடும்.

மங்கலான ஒரு தடம் மிஞ்சும் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஐந்து ரூபாய் நாணய அளவுக்குள் இருக்கும் புள்ளியையே பொதுவாகப் பழுதுபார்ப்பார்கள். ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருந்தால் அந்தத் தடமே இரவில் எதிர்வண்டியின் விளக்கை உடைத்துக் காட்டும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனையில், ஸ்டீயரிங்குக்கு நேர்மேலே 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் சேதம் இருந்தால் வண்டி தேறாது. வைப்பர் துடைக்கும் மற்றப் பகுதியில் 40 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். கண்ணாடியின் ஓரத்தைத் தொட்ட விரிசல், உள்கண்ணாடி வரை போன அடி, அழுக்கேறிய பழைய கீறல் ஆகியவற்றுக்கு மாற்றுவதே வழி.

மாற்றுவதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய கார்களில் முன்கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்பட்ட ஓர் உறுப்பு. கார் உருண்டால் கூரை நசுங்காமல் காப்பதில் அதற்கும் பங்குண்டு. பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் முட்டித்தான் பயணியை நோக்கித் திரும்புகிறது. பசை காயாத கண்ணாடி அந்த விசையைத் தாங்காமல் வெளியே பறந்துவிடலாம். தொழிற்சாலையில் ஒட்டிய அசல் பிணைப்பைக் கலைக்காமல் இருப்பதே சிறிய பழுதுபார்ப்பின் பெரிய லாபம்.

கேமரா உள்ள கார்களில் இன்னொரு வேலை சேர்கிறது. 2021இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700 போன்ற, அடாஸ் என்ற ஓட்டுநர் உதவி வசதியுள்ள கார்களில் கேமரா முன்கண்ணாடியின் உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. புதுக் கண்ணாடி போட்டதும் கேமராவுக்கு மறுபடி அளவு திருத்த வேண்டும். கோணம் சற்றே பிசகினாலும் தூரத்தில் போகும் வண்டியின் இடத்தைக் கார் தவறாகக் கணக்கிடும். ‘கேலிபரேஷன் செய்தீர்களா’ என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பலர் உடனே கண்ணாடியை மாற்றிவிடுகிறார்கள். முழுப் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாக நம் கையைவிட்டுப் போகும். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டி நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடியை 50 சதவீதம் சேர்த்தவர், ஒரே கண்ணாடிக் கிளெய்மில் அதை இழக்க நேரிடலாம். சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியம் போனஸ் கழிக்கும் முன் 12,000 ரூபாய் என்றால் அடுத்த ஆண்டு 6,000 ரூபாய் கூடுதல். கிளெய்ம் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பைச் சிலர் பாலிசியிலேயே எடுத்திருப்பார்கள். அதையும் பார்க்க வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பொருத்தும் முன்பே புதுக் கண்ணாடியின் கீழ் மூலையில் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கலாம். முன்கண்ணாடி வழியே குறைந்தது 70 சதவீத ஒளி புக வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதி. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்ததும் இதை வைத்துத்தான். வண்டியை எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்பதைப் பசையைப் பார்த்து ஒர்க்‌ஷாப்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் நேரத்துக்கு முன்னால் அவசரப்படுத்த வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளாவது பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கியே வைத்திருக்கலாம். அப்போதுதான் கதவைச் சாத்தும்போது உள்ளே அழுந்தும் காற்று புதுப் பசையைத் தள்ளாது. ஓரத்தில் ஒட்டிய டேப்பை அவர்கள் சொல்லும்வரை உரிக்க வேண்டாம், வாட்டர் வாஷுக்கும் உடனே விட வேண்டாம்.