கேம் பெட்டியை டிவியில் மாட்ட எந்த கேபிள் வாங்க வேண்டும்?

தமிழக அரசு 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல டிவி கிடைத்தது. அந்த டப்பா டிவியைப் பழுது பார்த்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் கிராமங்களில் உண்டு. அதே தெருவில் 43 அங்குல எல்இடி டிவியும் சுவரில் தொங்குகிறது. பிள்ளைகள் கைக்கு வரும் கேம் பெட்டிகளும் இப்படிப் பல வயதுடையவை: திருவிழாக் கடையில் வாங்கிய டிவி கேம், சென்னையிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய பழைய பிளேஸ்டேஷன் 2, தவணையில் எடுத்த பிளேஸ்டேஷன் 5.

பெட்டி இருக்கிறது, டிவியும் இருக்கிறது, கேபிள்தான் பொருந்தவில்லை. பனமலை போன்ற ஊரில் இருப்பவர் அதற்காகச் செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்றால் மறுபடியும் பஸ். தெரியாமல் விலை உயர்ந்த கேபிளை வாங்கி ஏமாறுவோரும், டிவியே ஆகாது என்று நினைத்து அதைக் கழித்துக் கட்டுவோரும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டாத செலவு. பெட்டியின் பின்னால் என்ன துளை இருக்கிறது, டிவியின் பின்னால் என்ன துளை இருக்கிறது, நடுவில் எவ்வளவு தகவல் ஓட வேண்டும் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும். கடைக்குக் கிளம்பும் முன் இரண்டின் பின்புறத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு

நம் வீடுகளுக்கு மிகவும் பழக்கமானது மூன்று கலர் ஏவி ஒயர். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. ஒரே ஒலித்துளை உள்ள சிறிய டிவியில் வெள்ளையை மட்டும் மாட்டினால் போதும். நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துச் செய்யப்பட்டவைதான் நம் கடைகளில் விற்கும் மலிவு விலை டிவி கேம்கள். அவற்றில் பலவற்றுக்கு மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டே பின்கள். அதற்கும் முந்தையவை ஆன்டெனா துளை வழியே போகும். அவற்றுக்கு டிவியில் ஒரு சேனலைத் தேடிப் பிடித்து வைக்க வேண்டும்.

மஞ்சள் ஒயரின் குறை என்னவென்றால், படத்தின் வெளிச்சமும் நிறமும் அதில் ஒன்றாகக் கலந்து வருகின்றன. டிவி அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும். பிரிப்பது முழுமையாக நடப்பதில்லை. அதனால்தான் சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசிந்தது போலவும், நிறங்கள் சந்திக்கும் இடத்தில் புள்ளிகள் ஊர்வது போலவும் தெரிகிறது. எவ்வளவு விலை கொடுத்து மஞ்சள் ஒயர் வாங்கினாலும் இது போகாது.

படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ ஒயரைக் குறை சொல்லாதீர்கள். 1982-இல் வண்ணத்துக்கு மாறிய தூர்தர்ஷன் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியது: ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 50 புலங்கள் (பாதிப் படங்கள்). அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்தது என்டிஎஸ்சி: 525 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த பெட்டி என்டிஎஸ்சி முறையில் படம் அனுப்பலாம். டிவியின் மெனுவில் 'கலர் சிஸ்டம்' என்ற இடத்தில் 'ஆட்டோ' அல்லது 'என்டிஎஸ்சி' வைத்துப் பாருங்கள். பல டிவிகளில் இதிலேயே சரியாகிவிடும்.

இன்னொரு சிக்கல், டப்பா டிவியின் ஏவி துளையில் ஏற்கெனவே செட்டாப் பாக்ஸ் மாட்டியிருப்பது. பிள்ளைகள் விளையாட அதைப் பிடுங்க, அப்பா செய்தி பார்க்க மறுபடி மாட்ட, சில மாதத்தில் துளை லூஸாகிவிடும். டிவியின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ இரண்டாவது ஏவி துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏவி செலக்டர் என்ற சிறிய பொத்தான் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். செட்டாப் பாக்ஸ், கேம் இரண்டையும் அதில் நிரந்தரமாக மாட்டிவிட்டுப் பொத்தானை மட்டும் மாற்றினால் போதும்.

ஐந்து பின் ஒயர்

பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படத்துக்கு; வெள்ளையும் இன்னொரு சிவப்பும் ஒலிக்கு. இதுதான் காம்பொனென்ட் ஒயர். வெளிச்சம் பச்சையிலும், நிறத்தகவல் நீலத்திலும் சிவப்பிலும் தனித்தனியாகப் போவதால் படம் மஞ்சள் ஒயரைவிடத் தெளிவாக இருக்கும். பிளேஸ்டேஷன் 2, நின்டெண்டோ வீ, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கு இது நல்ல தேர்வு. ஆனால் அந்தந்தப் பெட்டிக்கென்று செய்த ஒயரைத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் பெட்டிப் பக்கத்து முனை ஒவ்வொன்றுக்கும் வேறு.

இரண்டு சிவப்பு இருப்பதால் மாற்றி மாட்டிவிடுவது எளிது. படத்தில் சிவப்பு நிறம் காணாமல் போய், ஒலிபெருக்கியில் உறுமல் கேட்டால் அதுதான் காரணம். பிளேஸ்டேஷன் 2-இல் ஒயரை மாற்றும் முன், மெனுவில் காம்பொனென்ட் வெளியீட்டை 'ஆர்ஜிபி'யிலிருந்து 'ஒய் பிபி பிஆர்' என்பதற்கு மாற்ற வேண்டும். இல்லையெனில் படத்தின் நிறங்கள் சரியாக வராது. சில எல்இடி டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளைதான். மஞ்சள் ஒயரை அதில் மாட்டியபின் ரிமோட்டின் சோர்ஸ் பட்டனில் 'ஏவி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'காம்பொனென்ட்' என்று வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும்.

பழைய சோனி பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஏவி ஒயர் பிளேஸ்டேஷன் 2-க்கும் 3-க்கும் அப்படியே பொருந்தும். பிளேஸ்டேஷன் 3-ஐ எச்டிஎம்ஐ டிவியிலிருந்து கழற்றிப் பழைய டிவியில் மாட்டும்போது திரை இருண்டே கிடந்தால், பெட்டி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெட்டியை அணைத்துவிட்டு, பவர் பட்டனைத் தொட்டு இரண்டாவது 'பீப்' கேட்கும் வரை சுமார் ஐந்து நொடி விடாமல் அழுத்தினால், படம் எந்தத் துளையில் போக வேண்டும் என்பதை அது மறுபடி தேடிக்கொள்ளும்.

எச்டிஎம்ஐ: விலை அல்ல, வேகம்

2002 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட எச்டிஎம்ஐ, படத்தையும் ஒலியையும் ஒரே ஒயரில் எண்களாக அனுப்புகிறது. முனையில் 19 பின்கள். பிளேஸ்டேஷன் 3-இல் இது முதலிலிருந்தே உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360-இல் 2007-க்குப் பின் வந்த மாடல்களில் உண்டு. பிளேஸ்டேஷன் 4 முதல் சோனி பெட்டிகளில் படம் வெளியே வர எச்டிஎம்ஐ ஒன்றே வழி.

கடையில் குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிந்துவிடும். முழு எச்டி படத்தில் 1920-க்கு 1080 என்று ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 படங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் படத்துக்கும் நடுவே விடும் இடைவெளியையும் சேர்த்தால் நொடிக்கு 14.85 கோடி புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 30 பிட் வீதம் நொடிக்கு சுமார் 446 கோடி பிட், அதாவது 4.46 ஜிகாபிட் ஆகிறது. 4கே படத்தில் புள்ளிகள் நான்கு மடங்கு என்பதால் அது 17.82 ஜிகாபிட்டாக உயர்கிறது. நொடிக்கு 120 படம் என்றால் அதற்கும் மேல்.

இதற்கேற்பத்தான் கேபிள் வகைகளும் உள்ளன. 'ஹை ஸ்பீடு' கேபிள் நொடிக்கு 10.2 ஜிகாபிட் தாங்கும். 'பிரீமியம் ஹை ஸ்பீடு' 18 ஜிகாபிட். 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' 48 ஜிகாபிட். பிளேஸ்டேஷன் 3, சாதாரண பிளேஸ்டேஷன் 4, நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவை முழு எச்டிக்கு மேல் போவதில்லை. இவற்றுக்கு ஹை ஸ்பீடு தாராளம். பிளேஸ்டேஷன் 4 புரோ, எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் 4கே படத்தை நொடிக்கு 60 வீதம் அனுப்பும், அவற்றுக்குப் பிரீமியம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே படத்தை நொடிக்கு 120 வரை அனுப்பக்கூடியவை, இவற்றுக்கு அல்ட்ரா. ஆனால் இந்த இரண்டு பெட்டிகளும் பொருத்தமான கேபிளோடுதான் வருகின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமலே கூடுதலாக ஒன்று வாங்க வேண்டியதில்லை.

நந்தன் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் பனமலை ஏரி நிறையும். தலைப்பில் நீர் இல்லாதபோது கால்வாயை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் ஏரிக்கு ஒரு சொட்டும் கூடுதலாக வராது. கேபிளும் அப்படியே. முழு எச்டி டிவியில் பிளேஸ்டேஷன் 5-ஐ மாட்டினால் ஓடப்போவது முழு எச்டி அளவுதான், அங்கே அல்ட்ரா கேபிள் புதிதாக எதையும் சேர்க்காது. தங்க முலாம் பூசிய முனை துருப்பிடிக்காமல் இருக்க உதவும், படத்தின் நிறத்தையோ தெளிவையோ கூட்டாது. எண்களாக வரும் படம் சரியாக வந்து சேர்ந்தால் மலிவு கேபிளிலும் விலை உயர்ந்த கேபிளிலும் அதே படம்தான். சேராவிட்டால் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், படம் அவ்வப்போது இருண்டு திரும்பும், அல்லது 'சிக்னல் இல்லை' என்று வரும். அப்போதுதான் கேபிளை மாற்ற வேண்டும்.

நீளம் கூடக் கூட சிக்னல் தளரும். இரண்டு மீட்டர் போதுமென்றால் ஐந்து மீட்டர் வாங்காதீர்கள். பிரீமியம், அல்ட்ரா கேபிள்களின் உறையில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். அட்டையில் '8கே' என்று பெரிதாக அச்சடித்திருப்பதை நம்புவதைவிட அந்த முத்திரையை நம்பலாம்.

திசை தவறினால் பயனில்லை

துளைகள் பொருந்தாதபோது கன்வெர்ட்டர் தேவை. 'எச்டிஎம்ஐ டு ஏவி' என்பது புதிய பெட்டியைப் பழைய டிவியில் மாட்ட. 'ஏவி டு எச்டிஎம்ஐ' என்பது பழைய பெட்டியைப் புதிய டிவியில் மாட்ட. பார்க்க ஒரே மாதிரிச் சிறிய டப்பாக்களாக இருந்தாலும் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. கடைக்காரரிடம் "பெட்டியில் இந்தத் துளை, டிவியில் இந்தத் துளை" என்று படத்தைக் காட்டிக் கேளுங்கள். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின், நடுவில் எதுவுமே இல்லாத வெறும் ஒயரை வாங்க வேண்டாம். எண்களைப் படமாக மாற்ற ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்கு மின்சாரம் வேண்டும். வெறும் ஒயரில் இரண்டும் கிடையாது.

எச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர் பலவற்றில் 'பால் / என்டிஎஸ்சி' என்ற சிறிய ஸ்விட்ச் இருக்கும். படம் உருண்டால் அதைத் தள்ளிப் பாருங்கள். ஆனாலும் பிளேஸ்டேஷன் 4-ஐ 14 அங்குல டிவியில் மாட்டப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். இன்றைய கேம்களின் பொடி எழுத்துகளை அதில் படிக்க முடியாது. பிள்ளைகளின் கண்ணுக்குத்தான் சிரமம்.

புதிய டிவிகள் சிலவற்றில் மூன்று கலர் துளைக்குப் பதிலாக இயர்போன் துளை போன்ற ஒற்றை ஏவி துளை இருக்கிறது. அதற்கான இணைப்பு ஒயரை டிவியோடு வந்ததாகவே பயன்படுத்துவது நல்லது. உள்ளே கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், வேறு ஒயர் போட்டால் படத்தின் இடத்தில் ஒலி போய்ச் சேரலாம்.

மாட்டிய பிறகு

புதிய டிவி படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தால், கையில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையே தாமதம் வரும். மெனுவில் 'கேம் மோட்' வைத்தால் அது வெகுவாகக் குறையும். 4கே பெட்டி என்றால், டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் ஒரே மாதிரி அல்ல என்பதைக் கவனியுங்கள். '4கே 120' என்று அச்சிட்ட துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். முழு வேகத்தைத் திறந்துவிடும் மெனு சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்' என்ற பெயர்களில் இருக்கும். எந்த ஒயரையும் இரண்டு கருவிகளையும் அணைத்த பிறகே மாட்டுங்கள், கழற்றுங்கள். இடி மின்னல் வேளையில் பிளக்கையும் கேபிள் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள்.

டிவி கேமோடு வரும் துப்பாக்கி எல்இடி டிவியில் ஏன் சுடுவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடித்துளி கறுத்து, குறி இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். அந்த வெளிச்சம் உடனே தெரிகிறதா என்பதைத் துப்பாக்கியின் முனையில் உள்ள கண் பார்க்கிறது. டப்பா டிவி சிக்னல் வந்த கணமே படம் வரைவதால் அதில் குறி தப்பாது. எல்இடி டிவியில் படம் பிந்துவதால் குறி விழாது. பழைய கேம்கள் டப்பா டிவியின் படக்குழாயை நம்பியே செய்யப்பட்டவை. மஞ்சள் ஒயரில் அவை மிக இயல்பாக ஓடுவதும் அந்த இலவச டிவியில்தான்.

ஆகவே ஓடுகிற டிவியைத் தூக்கிப் போடாதீர்கள். இனி ஓடாது என்றானால் பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். ஏரிக்கரையிலும் வீச வேண்டாம். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு எடுக்கும் மையத்தில் அல்லது பழைய டிவியை எடுத்துக்கொள்ளும் கடையில் ஒப்படையுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

டப்பா டிவியும் பழைய கேமும்: மூன்று கலர் ஏவி ஒயர்.

காம்பொனென்ட் துளை உள்ள டிவியும் பிளேஸ்டேஷன் 2, வீ, எக்ஸ்பாக்ஸ் 360-ம்: அந்தப் பெட்டிக்கான ஐந்து பின் ஒயர்.

முழு எச்டி டிவியும் எச்டிஎம்ஐ உள்ள எந்தப் பெட்டியும்: ஹை ஸ்பீடு எச்டிஎம்ஐ, இரண்டு மீட்டர்.

4கே டிவியும் பிளேஸ்டேஷன் 4 புரோவும்: முத்திரையுள்ள பிரீமியம் ஹை ஸ்பீடு.

120 படம் காட்டும் 4கே டிவியும் பிளேஸ்டேஷன் 5-ம்: பெட்டியோடு வந்த கேபிள், அது பழுதானால் மட்டும் அல்ட்ரா ஹை ஸ்பீடு.

இதற்கு மேல் யாராவது விலை கூடிய கேபிளைக் காட்டினால், "இது என் டிவியில் எதைக் கூட்டிக் காட்டும்?" என்று கேளுங்கள். வேகத்தையோ நீளத்தையோ சொல்லிப் பதில் வந்தால் யோசிக்கலாம். "படம் பளிச்சென்று இருக்கும்" என்பது மட்டுமே பதிலாக இருந்தால், அந்தப் பணத்தைப் பிள்ளைகள் விரும்பும் இன்னொரு கேமுக்கு எடுத்து வையுங்கள்.