தோளைக் கேட்டுத் தோட்டா வாங்கு!

துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுட்டதோடு சரி. அதிலும் பாதி கேப் வெடிக்காது. அப்புறம் பி.காம்., டெபிட், கிரெடிட், டிரயல் பாலன்ஸ் என்று போய்விட்ட ஜாதகம். அப்பேர்ப்பட்டவன் ஒரு வேட்டை ரைஃபிளுக்குக் குழல் மாற்றும் பஞ்சாயத்தில் போய் உட்கார்ந்தேன் என்றால், காரணம் அக்கா.

2023 செப்டம்பரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில் மான்ட்டானா மாநிலம், போஸ்மன் என்கிற ஊர். அத்தானுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை. சுற்றிலும் மலை. செப்டம்பரிலேயே காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போனால் பல் தாளம் போடுகிறது.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா. வயது எழுபத்திரண்டு. மனைவி காலமாகிவிட்டார். அக்கா ரசம் கொடுத்தால், சூப் என்று நினைத்து ஸ்பூனால் குடிக்கிற நல்ல மனிதர்.

"டேய், தாத்தாவுக்கு ரெண்டு நாளா மனசு சரியில்லை. நீ சும்மாதானே இருக்கே, போய்க் கொஞ்ச நேரம் பேசிட்டு வா" என்றாள் அக்கா.

போனேன். திண்ணை மாதிரி இருந்த இடத்தில், மடியில் ரைஃபிளோடு உட்கார்ந்திருந்தார். என் கால் தானாக நின்றுவிட்டது.

"பயப்படாதே, காலி" என்று போல்ட்டை இழுத்துக் காட்டினார். "இது செத்துப்போச்சு."

அது ரெமிங்டன் 700 ரகம். தாத்தாவின் அப்பா 1960களில் வாங்கியது. 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்ற தோட்டா போடுவது. அந்த ரைஃபிளும் அந்தத் தோட்டாவும் 1962-ல் ஒன்றாகவே சந்தைக்கு வந்தவை. ஒரு காலத்தில் நூறு கஜத்தில் மூன்று தோட்டா சுட்டால் மூன்றும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுமாம். இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுகிறது.

"குழல் போயிடுச்சு. புதுக் குழல் போடணும். அப்படிப் போடறதுன்னா எந்தக் காலிபர்லே போடறதுங்கறதுதான் இப்போ கேள்வி" என்றார்.

அப்பாவின் பஜாஜ் ஸ்கூட்டரை ரீபோர் செய்த நாள் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். "கிட்டத்தட்ட அதேதான்" என்றவர், "நாளைக்கு என்கூட வா" என்றார்.

*

மறுநாள் போன இடம் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை. லேத், வைஸ், எண்ணெய் வாசனை. சொந்தக்காரரை நான் மனசுக்குள் 'துப்பாக்கி ஆசாரி' என்று பெயரிட்டுக்கொண்டேன். ஒரு பென்சில் கனத்தில் கேமராவைக் குழலுக்குள் விட்டார். டாக்டர் வயிற்றுக்குள் விடுவாரே, அந்த மாதிரி. திரையில் தெரிந்ததைப் பார்த்தால் மே மாதத்து வறண்ட ஏரி! எஃகு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

விஷயம் இதுதான். மேக்னம் என்றால் பெரிய புட்டி என்று அர்த்தம். ஷாம்பெயின் பாட்டிலுக்கு வைத்த பெயரைத் தோட்டாவுக்கும் வைத்தார்கள். பெரிய புட்டி, அதிக மருந்து. ஒவ்வொரு முறை சுடும்போதும் நாலு கிராம் மருந்து எரிந்து, எஃகையே உருக்கக்கூடிய சூட்டில் குழலின் தொண்டை வழியாகப் பீறிடுகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் என்பதால் குழல் பிழைக்கிறது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டை கட்டிவிடும். இந்த ரகத்துக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வேட்டு வரைதான் நல்ல ஆயுள் என்கிறார்கள். சுடச்சுட அடுத்தடுத்துச் சுட்டால் அதுவும் குறையும்.

"குழலை மாத்திட்டா அது உங்க அப்பா துப்பாக்கிதானா?" என்று கேட்டுவைத்தேன்.

ஆசாரி சிரித்தார். அமெரிக்காவின் 1968-ம் வருடத்துச் சட்டப்படி, நம்பர் பொறித்த நடுப்பாகம்தான் துப்பாக்கி. குழல் வெறும் உதிரிபாகம். டயர் மாதிரி. ஆகவே அப்பா அப்படியே இருக்கிறார்! (நம் ஊரில் இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். வேட்டைக்கு எப்போதோ தடை வந்தாயிற்று.)

இனி காலிபர். இஷ்டத்துக்கு எதையும் போட முடியாது ஸார். தோட்டாவின் அடிப்பாகத்தைப் பிடிக்கிற போல்ட் முகத்துக்கு ஓர் அளவு உண்டு. இந்த ரைஃபிளில் அது சுமார் பதிமூன்றரை மில்லிமீட்டர். அந்த அளவில் அடிப்பாகம் உள்ள தோட்டாக்கள் என்றால் போல்ட்டைத் தொடாமல் குழலை மட்டும் மாற்றலாம். மேகசினிலும் நீளம் பிடிக்க வேண்டும். இந்த இரண்டிலும் பாஸ் செய்தவர்களை ஆசாரி மேஜையில் வரிசையாக நிறுத்தினார். பெண் பார்க்கிற மாதிரி இருந்தது.

முதலில் 264 வின்செஸ்டர் மேக்னம். 1950களின் கடைசியில் பிறந்தது. மெலிந்த குண்டு, நிறைய மருந்து, ஏக வேகம். ஆனால் குழலைத் தின்பதில் பெயர் பெற்றது.

அடுத்து 300 வின்செஸ்டர் மேக்னம், 1963. பெயரில்தான் 300, குண்டின் குறுக்களவு 308. இந்தத் தொழிலில் பெயரை நம்பக்கூடாது. குண்டு எடை 180 கிரெய்ன். நம் கணக்கில் சுமார் ஒன்றரைப் பவுன்.

மூன்றாவது 338 வின்செஸ்டர் மேக்னம். இது 1958. குண்டு 225 கிரெய்ன், ஒண்ணேமுக்கால் பவுனுக்கு மேல். கரடிக்கே பயப்படாத சாமான்.

இந்த மூன்றுக்கும், பழைய 7 மி.மீ.க்கும் மூலபுருஷர் ஒருவரே. லண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனி 1912-ல் போட்ட 375. அதன் தோள் சரிவாக இருந்ததால், அறைக்குள் சரியான இடத்தில் நிற்க இடுப்பில் ஒரு பித்தளைப் பட்டை வைத்தார்கள். பிறகு வந்த வாரிசுகளுக்கு நல்ல தோள் இருந்தும் பட்டையை விடவில்லை. குடும்ப வழக்கம்!

கடைசியில் புதுமுகம்: 7 பி.ஆர்.சி. ஹார்னடி கம்பெனி 2022-ல் கொண்டுவந்தது. அதே 7 மி.மீ. குண்டுதான், பட்டை கிடையாது. குழலின் உள்ளே ஓடும் மரை பழையதில் ஒன்பதரை அங்குலத்துக்கு ஒரு சுற்று. இதில் எட்டு அங்குலத்துக்கே ஒரு சுற்று. நீளமான, கனமான குண்டைத் தள்ளாடாமல் தொலைதூரம் அனுப்ப இந்த இறுக்கம் வேண்டும்.

"இதிலே எது?" என்றார் ஆசாரி.

தாத்தா யோசிக்கவே இல்லை. "338."

*

ஏன் என்று அப்போதுதான் சொன்னார்.

2022 நவம்பர். நூற்றெண்பது கஜத்தில் ஓர் எல்க். நம் கடமானுக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் முன்னூறு கிலோவுக்கு மேல் இருக்கும். சுட்டார். பட்டது, ஆனால் படவேண்டிய இடத்தில் படவில்லை. ஓடிவிட்டது. ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே இருட்டும் வரை நடந்திருக்கிறார். ராத்திரி பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. மறுநாளும் தேடினார். கிடைக்கவில்லை.

"எங்கேயோ விழுந்து கிடந்திருக்கும். உடனே செத்திருக்காது. ஒரு நாளோ, ரெண்டு நாளோ..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "எங்கப்பா இருந்திருந்தா என் முகத்திலே முழிச்சிருக்க மாட்டார். இன்னும் பெரிய குண்டா இருந்தா அங்கேயே விழுந்திருக்கும்."

ஆசாரி பதில் பேசவில்லை. "குழலைக் கழட்டறதுக்கு முன்னாலே இதையே கடைசியா அஞ்சாறு ரவுண்டு சுட்டுப் பார்த்துடலாம்" என்றார். பின்னாலேயே சுடும் மைதானம். காதுக்கு மூடி கொடுத்தார்கள். தாத்தா வேண்டாம் என்றார், வாழ்நாள் முழுக்கப் போட்டதில்லையாம்.

ஒவ்வொரு தோட்டாவாக ஆசாரியே போட்டுக் கொடுத்தார். முதல் வேட்டில் மூடியையும் மீறி என் நெஞ்சு அதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவதுக்குத் தாத்தா விசையை இழுத்தார்.

"டிக்."

சத்தமே இல்லை. வெடிக்காத டம்மித் தோட்டா. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குனிந்தது! தாத்தாவின் கண்கள் இறுக்க மூடியிருந்தன. தோள் முன்னால் எகிறியிருந்தது. வெடிக்காத வேட்டுக்கே உடம்பு பயந்து சுருங்கியதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"துப்பாக்கியைக் காட்ட வந்தேன். நீ என்னைப் பார்த்துட்டே" என்றார் தாத்தா.

"குழலும் போச்சு, வாஸ்தவம். ஆனா அந்த எல்க்கைக் காயப்படுத்தினதிலே இதுக்கும் பங்கு உண்டு. இந்த உதைக்கே கண்ணை மூடறீங்க. 338 வாங்கினா?"

*

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்குப் பிள்ளை புத்தி! ஆசாரி கொடுத்த எடை, வேகப் பட்டியலை வைத்துக்கொண்டு, எட்டரை பவுண்டு துப்பாக்கி என்றால் தோளில் விழும் உதை எவ்வளவு என்று போட்டேன். நம் பாஷையில் இப்படி:

7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம்: மூன்று கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்ட சக்தி. 300 வின்செஸ்டர்: கிட்டத்தட்ட நாலு கிலோ பை. 338: ஏறக்குறைய நாலே முக்கால் கிலோ பை. அதாவது இப்போது இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். எழுபத்திரண்டு வயதுத் தோளில்!

மறுபக்கம் ரூபாய்க் கணக்கு, தப்பு, டாலர் கணக்கு. குழலும் கூலியும் சேர்த்து ஆசாரி சொன்னது எழுநூறு. எந்தக் காலிபருக்கும் இது பொது. ஆனால் தாத்தாவிடம் பழைய 7 மி.மீ. தோட்டா பதினோரு பெட்டி இருக்கிறது. வீட்டிலேயே தோட்டா நிரப்பும் அச்சும் அதற்குத்தான். மாற்றினால் அத்தனையும் ரைட் ஆஃப். சின்ன ஊர்க் கடையிலும் 7 மி.மீ. ரெமிங்டன் சுலபமாகக் கிடைக்கும். புதுமுகத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. தவிர, ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் சுடுகிறவருக்குத்தான் எட்டு அங்குல மரை. தாத்தா இருநூறைத் தாண்டுவதில்லை.

காலையில் தாத்தாவிடம் தாளைக் கொடுத்தேன். கூடவே ஜிம் கார்பெட்டையும் இழுத்தேன். நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் புலியை 1907-ல் அவர் சுட்டதற்குப் பரிசாகக் கிடைத்தது 275 ரிக்பி. பெயர்தான் 275, உள்ளே போகிற குண்டு இதே 7 மி.மீ.; மருந்து இதைவிடக் குறைவு. ஆட்கொல்லிகளைத் தேடிப் போனபோது அவர் தோளில் பல முறை இருந்தது அதுதான்.

"புலி விழுந்தது குண்டோட பருமனாலே இல்லே, அது போய்ச் சேர்ந்த இடத்தாலே" என்றேன். துப்பாக்கி தொடாத வாய்க்கு இவ்வளவு ஞானம்!

தாத்தா தாளை இரண்டு தரம் படித்தார். "எல்லாம் எழுதியிருக்கே. தோளுக்குன்னு ஒரு காலம் போட்டிருக்கே பார், அதுதான் நான் போடாம விட்டது" என்றார்.

காலிபர் தீர்மானமாயிற்று: பழைய 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமே! ஊரெல்லாம் பெண் பார்த்து அத்தை மகளையே கட்டின கதை. ஆனால் மூன்று நிபந்தனைகள். கட்டையின் பின்னால் நல்ல ரப்பர் மெத்தை. குண்டு 160-க்குப் பதில் 140 கிரெய்ன்; உதை இன்னும் குறையும். மூன்றாவது, காதுமூடி போட்டுக்கொண்டு தினமும் சின்ன 22 ரைஃபிளில் பயிற்சி. கண் மூடும் வியாதிக்கு உதை பாதிக் காரணம் என்றால், சத்தம் மீதிக் காரணமாம்.

ஆசாரியிடம் ஒரு குழல் கையிருப்பில் இருந்தது. பழையதை வைஸில் பிடித்துத் திருகிக் கழற்றினார். புதியதை லேத்தில் ஏற்றி, தோட்டா உட்காரும் அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தார். நடுவில் இரண்டு இரும்புத் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றின் பெயர் 'கோ', இன்னொன்று 'நோ-கோ'. முதலாவதன் மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன் மேல் மூடவே கூடாது. மயிரிழை பிசகினாலும் ஆபத்து. கடைசியில் குழல் மேல் காலிபர் பெயரை அடித்தார். நாளைக்கு யாராவது வேறு தோட்டாவைப் போட்டால் துப்பாக்கி வெடிக்கலாம். அதனால் இந்த எழுத்துதான் முக்கியம் என்றார்.

நான் ஊர் திரும்பிவிட்டேன். அங்கே வேட்டை சீசன் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஐந்து வாரம். நவம்பரில் அக்கா போன் செய்தாள்.

முதல் வாரம் ஓர் எல்க் கண்ணில் பட்டதாம். தூரம் அதிகம் என்று சுடாமல் விட்டுவிட்டாராம். மூன்றாவது வாரம் நூற்றிருபது கஜத்தில் ஒன்று. ஒரே வேட்டு. நாலடி நடந்து விழுந்துவிட்டது. தேட வேண்டியிருக்கவில்லை.

"நமக்கும் ஒரு பங்கு கொடுத்தார்டா. மிளகு போட்டுக் குழம்பு வெச்சேன். அவரையும் சாப்பிடக் கூப்பிட்டோம்."

"எப்படியிருந்ததாம்?"

"முதல் வாயிலேயே கண்ணை இறுக்க மூடிட்டார். உன்கிட்டே ஒண்ணு சொல்லச் சொன்னார். கண்ணை மூடினது குழம்புக்குத்தானாம். சுடும்போது இல்லையாம்!"