நான்கு சுவருக்குள் நாதஸ்வரம்

வைகறையில் பூபாளம், சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி, பள்ளியறை வேளையில் நீலாம்பரி என்று ஆலய வழிபாட்டோடு இணைந்து வளர்ந்தது மங்கல இசை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஆலயங்களிலும், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் ஆலயத்திலும், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்திலும் திருவிழா என்றாலே நாதஸ்வரமும் தவிலும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

எனினும், இன்று இல்லங்களிலும் திருமண மண்டபங்களிலும் நாம் கேட்கும் நாதஸ்வரத்தில் பெரும்பகுதி ஒலிப்பதிவின் வாயிலாக வருவதே. திருவீதிக்கும் கோபுர வாசலுக்கும் உரிய இந்த இசையைச் சிறியதோர் அறைக்குள் அமர்ந்து பதிவு செய்வது எளிதன்று. அதன் அருமையை அறிந்தவர்களே பதிவுக்கும் நேரடி இசைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வர்.

விடுதி அறையே கலைக்கூடம்

நம் வட்டாரத்தில் ஒலிப்பதிவு தொடங்கியதே தற்காலிகக் கூடங்களில்தான். பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் விடுதி அறையொன்றைப் பதிவுக்கூடமாக மாற்றினார். பாடகி கௌஹர் ஜான் அங்குப் பாடினார். கீழை நாடுகளில் தொடர்ந்து பயணம் செய்த கெய்ஸ்பர்க், 1903ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கும் வந்து பதிவுகள் செய்தார்.

அக்காலத்தில் ஒலிவாங்கி இல்லை. அகன்ற ஊதுகுழல் ஒன்றின் முன்னே நின்று பாட வேண்டும். அந்த அதிர்வில் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. மீண்டும் தொடக்கத்திலிருந்தே பாட வேண்டும். குழுவினர் அனைவரும் ஒரே நேரத்தில், ஒரே குழலை நோக்கியே வாசித்தாக வேண்டும். ஓசை மிகுந்த கருவி தொலைவில் நிற்கும். மென்மையான குரல் அருகில் நிற்கும். அந்தத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே அச்சாயின. பாடியவர் யார் என்று ஆலையினர் அறியும்பொருட்டுக் கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறி வைத்தார்.

1925ஆம் ஆண்டில் மின்முறை ஒலிப்பதிவு வந்தபின் ஒலிவாங்கிகள் புழக்கத்துக்கு வந்தன. ஆயினும், இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிட இசையே அடங்கியது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) புறப்பாட்டின்போது மணிக்கணக்கில் தோடி ராகத்தை விரித்து வாசிப்பதில் பெயர் பெற்றவர். அவரது தோடி இசைத்தட்டில் சில நிமிடங்களுக்குள் சுருங்க வேண்டியதாயிற்று. அந்தச் சில நிமிடங்கள் இல்லையேல் அவரை நேரில் கேளாத தலைமுறைக்கு அவ்வாசிப்பின் சாயலே கிட்டியிராது என்பதும் உண்மை.

அறை தரும் சோதனைகள்

இன்றும் ஒரு கடைவீட்டின் மாடியறையோ அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையோ பதிவுக்கூடமாக மாறுவதுண்டு. பகலில் வாசித்தால் சாலையின் இரைச்சல் உள்ளே புகும். இரவில் வாசித்தால் அண்டை வீட்டார் உறக்கம் கெடும். வெறும் சுவர்களில் ஓசை மோதித் திரும்பி இசையைக் குழப்பும். ஆகவே மெத்தைகளையும் கம்பளங்களையும் கனத்த திரைகளையும் சுற்றிலும் தொங்கவிடுவர்.

நாதஸ்வரத்தின் நாதம் அணசு என்னும் அடிவாயிலிருந்து மட்டும் வருவதன்று. விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒலிவாங்கியை அணசுக்கு நேரே வைத்தால் கூர்மை மிகுந்து இனிமை குன்றும். சற்று விலக்கி, உயர்த்தி வைத்தாலே முழு நாதமும் கிட்டும். தவிலுக்கோ இரு முகங்கள். வலந்தலையில் கூடு அணிந்த விரல்களின் சொற்கள் தெறிக்கும். தொப்பியில் கோலின் ஓசை முழங்கும். இரண்டையும் தனித்தனியே வாங்கினால்தான் சொல் தெளியும். அவ்வாறு வாங்கினாலும் தவில் ஓசை நாதஸ்வரத்தின் ஒலிவாங்கியிலும் ஏறிவிடும்.

குளிர்சாதனம் ஓடினால் அதன் இரைச்சல் பதிவாகும், சீவாளி உலரும். நிறுத்தினாலோ சிங்கப்பூரின் ஈரக்காற்றில் தவிலின் தோல் தளரும். கலைஞர்கள் வியர்வையில் நனைவர். எனவே ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னர்ச் சுருதியைச் சரிபார்ப்பது இன்றியமையாததாகிறது.

ஒருசேர வாசிப்பின் பயன்

இத்தனை தொல்லைகளுக்கும் தீர்வாக ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்து, பின்னர் இணைக்கும் வசதி வந்துவிட்டது. திரைப்பாடல்களுக்கு அது பொருந்தலாம். மங்கல இசையின் உயிர்நிலையோ வேறு.

மேளத்தில் முதல் நாயனக்காரர் மூச்சு வாங்கும் நொடியில் இரண்டாம் நாயனக்காரர் இழையறாது தொடர்வார். தவில் வித்துவான் நாயனக்காரரின் முகத்தைப் பார்த்தே தீர்மானம் வைப்பார். தாளக்காரர் இருவரையும் ஒன்றாகப் பிணைப்பார். இவர்களைத் தனித்தனியே அமர்த்தினால் சுருதியும் தாளமும் பிசகாமல் இருக்கலாம். ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுக்கும் அந்த இசைவு கிட்டாது. ஆதலால், அறை சிறியதேயாயினும் அனைவரும் ஒருவரையொருவர் பார்த்து அமர்ந்து, ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்வதே மேலானது. சிறு பிசிறு இருந்தாலும் அந்தப் பதிவில் ஒரு மேளம் கூடி வாசிப்பதைக் கேட்கலாம்.

பதிவில் அடங்காதது

சிறந்த பதிவிலும் அடங்காதது ஒன்று உண்டு. கம்பீர நாட்டையில் அமைந்த மல்லாரிக்கு அளவு வகுப்பது கடிகாரமன்று. சுவாமி எழுந்தருளி, அலங்காரத் திரை விலகி, ஸ்ரீபாதம் தாங்கிகள் அடியெடுத்து வைத்துக் கோபுர வாசலை அடையும் வரையில் அது நீளும். தாங்கிகள் நின்றால் இசையும் நின்று சுழலும். அவர்கள் நடந்தால் இசையும் நடக்கும். ஒலிப்பேழையோ தனக்குரிய நிமிடம் முடிந்ததும் ஓய்ந்துவிடும். தீபாராதனை முடிந்ததா என்று அது பார்ப்பதில்லை.

நேரடி இசையின் அருமையைச் சிங்கப்பூர் அன்பர்கள் நன்கறிவர். 1973ஆம் ஆண்டு முதல் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016ஆம் ஆண்டில் பாதையின் 3 இடங்களில் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் அவ்வாய்ப்பு மேலும் விரிந்தது. அவ்வளவு காலம் காத்திருந்து பெற்றதை ஒரு பொத்தானை அழுத்தும் வசதிக்காக நழுவ விடலாகாது.

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இங்குள்ள ஆலயங்களில் தொண்டாற்றும் மேளக்காரர்களின் வாசிப்பைப் பதிவு செய்து பாதுகாப்பது நற்பணியே. அப்பதிவில் நாயனக்காரர் பெயரோடு தவில், தாளக் கலைஞர்களின் பெயர்களும், வாசித்த நாளும் இடமும் தவறாது இடம்பெற வேண்டும். திருவிழா உபயம் ஏற்கும் அன்பர்கள் மலருக்கும் அன்னதானத்துக்கும் ஒதுக்குவது போன்று மங்கல இசைக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால், பதிவில் கேட்டு மகிழ்ந்த நாதத்தைச் சந்நிதியிலும் கேட்கும் பேறு வருங்காலத் தலைமுறைக்கும் கிட்டும்.