மேஜர் மாரியப்பன் சரவணன் (1972–1999)
இராமேசுவரத்தில் பிறந்து திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்பை முடித்த மேஜர் மாரியப்பன் சரவணன், தரைப்படையின் காலாட்படைப் பிரிவுகளுள் ஒன்றான பீகார் ரெஜிமெண்டின் முதலாம் பட்டாலியனில் பணியாற்றினார். 1999 மே 29 அதிகாலையில், கார்கில் போரின் படாலிக் முனையில், 14,229 அடி உயரத்தில் பகைவர் அரண் அமைத்திருந்த நிலையைக் கைப்பற்றத் தம் வீரர்களை நடத்திச் சென்ற அவர், ராக்கெட் ஏவி எதிரிகள் இருவரை வீழ்த்தி, குண்டுச் சிதறல் உடலில் தைத்த பின்னும் பின்வாங்க மறுத்துப் போரிடுகையில், தலையில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். மறைந்துகொள்ள மரமோ புதரோ அற்ற அந்தச் சரிவில் மேலிருந்து சுடுபவர்க்கே எல்லாம் சாதகம். அவருடைய உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. போர்க்கள வீரத்துக்கான விருதுகளில் பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்ததான வீர சக்கரம், மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.