புதினாவுக்கும் விதை உண்டு

சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையைச் சட்னிக்குக் கிள்ளிக்கொண்டு, மிஞ்சிய தண்டைத் தொட்டியில் செருகிவைப்பார்கள். சில நாட்களில் கணுக்களில் வேர் பிடித்துத் துளிர்த்துவிடும். வீட்டுப் புதினா பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது. ஆனால் விதைக்கடைகளில் புதினா விதையும் பாக்கெட்டில் கிடைக்கிறது. தண்டு இருக்க விதை எதற்கு?

துளசி, தும்பை, கற்பூரவல்லி ஆகியவற்றின் குடும்பம்தான் புதினாவும். சதுரத் தண்டு, எதிரெதிராக அமைந்த இலைகள், நுனியில் கதிர் போன்ற சிறு பூக்கள். ஒரு பூவில் அதிகம் போனால் நான்கு விதைகள் உருவாகும். புதினா இனங்கள் பகல் நீண்டிருக்கும் காலத்தில் பூக்கும் இயல்புடையவை. தமிழ்நாட்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, வளர வளர நாம் நறுக்கிக்கொண்டே இருக்கிறோம். அதனால் இங்கே புதினாப் பூவைக் காண்பது அரிது; விதையைக் காண்பது அதைவிட அரிது.

விதை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முளைப்பதற்கு அதற்கு வெளிச்சம் வேண்டும். வெண்டை, அவரைபோல் மண்ணுக்குள் புதைத்தால் அப்படியே கிடந்து வீணாகும். விதை முளைக்கவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்பவர்கள், முதலில் எவ்வளவு ஆழத்தில் போட்டோம் என்று பார்க்க வேண்டும்.

சமவெளியில் கனமழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசி முதல் தை வரை விதைக்க ஏற்ற காலம். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விதை நன்றாக முளைக்கும். சலித்த தேங்காய் நார்க்கழிவுடன் மண்புழு உரத்தைக் கலந்து குழித்தட்டிலோ அகலமான தொட்டியிலோ நிரப்பி, முதலில் நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும். கீரை விதைப்பதுபோல உலர்ந்த மணலில் கலந்து மேலாகத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மேலே மண் போடக் கூடாது. பூவாளியில் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும், தெளிப்பானே நல்லது. நேரடி வெயில் படாத, ஆனால் வெளிச்சமான இடத்தில் வைத்தால் பத்து முதல் பதினாறு நாட்களில் முளை தெரியும்.

இனி கவலை நாற்றழுகல் நோய்தான். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்தால், நூல் போன்ற நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாயும். நெருக்கமாக உள்ளவற்றைக் களைந்துவிட்டு, மேல்மண் சற்றுக் காய்ந்த பிறகே நீர் தெளிக்க வேண்டும். நான்கைந்து இலை விட்டதும் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றலாம்.

அந்தத் தொட்டிகளைக் கவனித்தால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. தண்டில் வளர்வது தாய்ச்செடியின் நகல். விதையில் வருவது புதுச் செடி. அதிலும் புதினா இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை. எனவே நாற்றுக்கு நாற்று இலையின் வடிவமும் மணமும் மாறும். ஒன்றில் நாம் பழகிய வாசனை தூக்கலாக இருக்கும். மற்றொன்றில் வெறும் பச்சிலை வாடைதான் வரும். சமையல் புதினாவான ஸ்பியர்மின்ட்டுக்கு மணம் தருவது கார்வோன் என்ற வேதிப்பொருள். இதன் கண்ணாடிப் பிம்ப வடிவம்தான் சதகுப்பை விதையில் இருக்கிறது. மணமோ முற்றிலும் வேறு.

மிட்டாய்க்கும் பற்பசைக்கும் பயன்படும் பெப்பர்மின்ட்டின் கதை வேறு. அது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்து உருவான கலப்பினம், ஏறக்குறைய மலடு. விதை வைக்காத செடியில் இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் உருவாக்க வழியில்லை. அமெரிக்காவில் வெர்டிசிலியம் வாடல் நோய் பெப்பர்மின்ட் வயல்களைத் தாக்கியபோது, இதுவே பெரிய சிக்கலாயிற்று. ஏ.எம்.டாட் நிறுவனத்தின் மெரிட் மர்ரே 1950களில் வேறு வழியில் இறங்கினார். செடியின் ஓடுதண்டுகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, நோய் பரவிய மண்ணில் நட்டுத் தப்பிப் பிழைத்தவற்றைத் தேர்ந்தெடுத்தார். அந்த நெடிய தேடலில் கிடைத்த ‘டாட்ஸ் மிச்சம்’ ரகம் 1971இல் வெளியானது.

ஆகவே, பாக்கெட்டில் பெப்பர்மின்ட் விதை என்று எழுதியிருந்தால் யோசித்து வாங்குங்கள். ஸ்பியர்மின்ட் விதையை நம்பலாம். சட்னிக்கு மட்டும் என்றால் சந்தைத் தண்டே போதும். விதைத்துப் பார்க்க விரும்பினால், வளர்ந்த செடிகளின் இலைகளைக் கசக்கி முகர்ந்து, மணம் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு அந்தச் செடியைத் தண்டிலிருந்தே பெருக்குங்கள்.