இரைப்பையில் முளை, ஈரலில் வேர்

வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் எம்மவர் முதலில் கடந்தாக வேண்டிய வாசல் மருத்துவப் பரிசோதனையாகும். கொழும்பிலோ சென்னையிலோ குருதி கொடுத்து, நெஞ்சுப் படம் எடுத்து, 'தகுதியுடையவர்' என்ற முத்திரை கிடைத்தால் விமானம்; 'தகுதியற்றவர்' என்றால் வட்டிக் கடனோடு வீடு. ஈரலைத் தாக்கும் பி, சி வகை வைரசுக்களும் இப்பரிசோதனையில் தேடப்படுகின்றன. அவை இருப்பது தெரிந்தவருக்கு விசா போனதே பெருங்கவலை. ஈரலைப் பற்றி எண்ண அவருக்கு நேரமேது?

ஆனால் வைரசு காத்திருக்கும். பத்து, இருபது ஆண்டுகள் ஓசையின்றி ஈரலைத் தழும்பாக்கும். மதுவும், நீரிழிவோடு சேர்ந்து வரும் கொழுப்பு ஈரலும் இதே வேலையைச் செய்கின்றன. இவ்வாறு இறுகிச் சுருங்கிய நிலையையே ஈரல் கரணை நோய் என்கிறோம்.

குடலிலும் இரைப்பையிலும் மண்ணீரலிலும் இருந்து வரும் குருதி முழுவதும் வாயில் நாளம் வழியாகவே ஈரலுக்குள் நுழைகிறது. ஈரல் இறுகினால் அந்த வழி அடைபடுகிறது. வாய்க்கால் அடைபட்டால் நீர் வரப்பை உடைப்பது போல, குருதி வேறு வழி தேடுகிறது. வாயில் நாளத்துக்கும் ஈரல் நாளத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு இயல்பில் 5 மில்லிமீற்றர் பாதரசத்தைத் தாண்டாது. அது 10ஐ எட்டும்போது உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைக்கத் தொடங்குகின்றன. 12ஐத் தாண்டினால் அவை வெடிக்கக்கூடும். குருதி வாந்தியோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுபவர்களிற் பலர் அன்றுதான் தம் ஈரலின் நிலையை அறிகின்றனர்.

இவ்வழுத்தத்தின் இன்னொரு விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. சிலருக்கு இரைப்பையின் உட்சுவரில், பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதியில், சிறு சதைமுளைகள் தோன்றுகின்றன. உள்நோக்குக் குழாய் விட்டுப் பார்க்கும் வைத்தியர் அவற்றைக் கண்டு சொன்னதும் நோயாளியின் மனம் புற்றுநோய்க்கே ஓடுகிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரிவது வேறு: விரிந்து பெருகிய நுண்குழாய்கள், அவற்றைச் சூழ்ந்த நார்த்தசை. தேங்கிய குருதியின் அழுத்தமே இங்கு முளையாக வெளிப்பட்டிருக்கிறது. இவை பெரும்பாலும் தீங்கற்றவை. எனினும், வெறுங்கண்ணுக்குப் பிற முளைகளைப் போலவே தோன்றுவதால், சதைத்துண்டு எடுத்துப் பார்ப்பது அவசியமாகிறது. அதை எடுக்கும்போதும் குருதி கசியக்கூடும் என்பதால் கைதேர்ந்தவர் செய்வதே நன்று.

உண்மையான ஆபத்து, இம்முளைகள் மெல்லக் கசிந்து சோகையை உண்டாக்குவதுதான். சார்ஜாவிலோ டோகாவிலோ வெயிலில் உழைப்பவர் களைப்பையும் மூச்சிரைப்பையும் வெக்கையின் கணக்கில் எழுதிவிடுவார். முதுகு நோவுக்கு மருந்துக்கடையில் டைக்குளோபினாக் வாங்கி விழுங்குவார். கரணை நோயுள்ளவருக்கு அவ்வகை மாத்திரை குருதிப் போக்கையும் சிறுநீரகக் கேட்டையும் வரவழைக்க வல்லது. மலம் தார்போல் கறுத்துப் போனால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருத்துவம் இல்லாமல் இல்லை. புரொப்பிரனோலோல் போன்ற மாத்திரைகள் வாயில் நாள அழுத்தத்தைத் தணிக்கின்றன. கசியும் முளையை வளையமிட்டு இறுக்கலாம், அல்லது வெட்டி அகற்றலாம். ஆனால் அழுத்தம் குறையாதவரை முளை மீண்டும் வரலாம். ஈரல் மாற்றீடு செய்தபின் முளைகள் தாமாகவே மறைந்ததும் பதிவாகியுள்ளது. இந்தியாவில் வெற்றிகரமான முதல் ஈரல் மாற்றீடு 1998இல் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, தந்தையின் ஈரற் பகுதியைக் கொண்டு, டில்லி அப்பலோவில் நடந்தது. அபுதாபியில் 2018இல் கிளீவ்லாந்து கிளினிக்கில் இது ஆரம்பமாயிற்று. சாதாரணத் தொழிலாளிக்கு அது எட்டும் கனியா என்று கேட்பின், விடை கசப்பானதே.

எம்மவர் முதலில் நாடுவது கீழ்க்காய் நெல்லியை. அதைக் கேலி செய்ய நாம் விரும்பவில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசன் குழுவினர், பி வைரசைக் கண்டறிந்த புளூம்பேர்க்குடன் சேர்ந்து, அதன் பயனை லான்செற் இதழில் எழுதினர். ஆனால் பின்னர் வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. இன்று சி வைரசைச் சில வார மாத்திரையால் முற்றாக நீக்கலாம். பி வைரசை அடக்கி வைக்கலாம், தடுப்பூசியும் உண்டு. சவூதி அரேபியா 1989இலேயே அதைக் குழந்தைகளுக்கு வழங்கத் தொடங்கிற்று. இலங்கையில் அது 2003இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த எமது தலைமுறை தானே தேடிப் போட்டால்தான் உண்டு.

வளைகுடா அரசுகள் எவையும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடவில்லை. அங்கு எமக்கிருக்கும் ஒரே தகுதி தொழில் விசாதான். நோயைச் சொன்னால் அதுவும் போய்விடும் என்ற அச்சம் வீண் அச்சமன்று. ஆயினும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2025 சனவரி 1 முதல் தனியார்துறைத் தொழிலாளருக்கு எல்லா எமிரேற்றுக்களிலும் மருத்துவக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அட்டை கையிலிருப்பவர், அது உள்நோக்குப் பரிசோதனைக்கு எவ்வளவு தரும், எந்த வைத்தியசாலையில் தரும் என்பதை இன்றே கேட்டறிந்து கொள்க. ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர், தொலைபேசியில் பணம் கிடைத்ததா என்று கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கலாம்.